ஆசாரி இல்லாமல் மாதிரி ரயில் மேசை: எந்த ரெடிமேட் காலை வாங்குவது?

கேள்வி இதுதான்: மதுரை அண்ணா நகரில் மாடியில் வாடகை வீடு, 11-க்கு 10 அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. எச்.ஓ. அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) ஒரு ரயில் செட் வாங்கியாயிற்று. தரையில் பரப்பி ஓட்டினால் தூசியும் தலைமுடியும் சக்கர அச்சில் சுற்றிக்கொள்கின்றன. ஆசாரியை வைத்து மேசை செய்ய வசதிப்படாது, வீடு மாறும்போது கழற்றிக் கொண்டுபோக வேண்டும், எட்டு வயதுப் பையனும் நின்று ஓட்ட வேண்டும். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பவற்றில் எதை வாங்குவது?

இந்த அறைக்கும் இந்தப் பையனுக்கும் நான் சொல்வது: 4-க்கு 2 அடி மடக்கு மேசை இரண்டு, 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று, அதைக் கடையிலேயே நடுவில் வெட்டி இரண்டு 4-க்கு 4 துண்டு. வேறு சில வழிகளும் நல்லவைதான், கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். மேசை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காலிடம் எல்லா வேலையையும் எதிர்பார்க்கிறார்கள். ஆடாமல் நிற்பது மட்டும்தான் காலின் வேலை. வளையாமல் இருப்பது பலகையின் வேலை. பலகை விறைப்பாக இருந்தால் கால் சுமாராக இருந்தாலும் ரயில் ஓடும். பலகை தொய்ந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காலும் அதைக் காப்பாற்றாது. அதனால் பலகையை முதலில் முடிவு செய்யுங்கள்.

பலகையின் அகலத்தைத் தீர்மானிப்பது வளைவு. செட்டோடு வரும் வளைவுத் தண்டவாளம் பெரும்பாலும் 438 மி.மீ. ஆரம் கொண்டது, சிலவற்றில் 371. நம்மூர் ஐ.சி.எஃப். பெட்டியின் (சென்னைத் தொழிற்சாலையில் செய்த பயணிகள் பெட்டி) மாதிரியை அதில் ஓட்ட நினைத்தால் கவனம் வேண்டும். அசல் பெட்டி சுமார் 21.3 மீட்டர், 87-இல் ஒரு பங்காக்கினால் 24.5 செ.மீ. இவ்வளவு நீளமான பெட்டி 438 மி.மீ. வளைவில் திரும்பும்போது அதன் மூலை தண்டவாளத்தின் மையக்கோட்டிலிருந்து சுமார் 28 மி.மீ. வெளியே வரும். மேசை ஓரத்துக்கும் தண்டவாள மையத்துக்கும் 50 மி.மீ.யாவது விட வேண்டும் என்பது அதனால்தான். அப்படிக் கணக்குப் போட்டால் 438 ஆரத்துக்குப் பலகை அகலம் 976 மி.மீ. வேண்டும். 3 அடி, அதாவது 914 மி.மீ. போதாது. 4 அடிப் பலகையில் 505 மி.மீ. ஆரம்கூடத் தாராளமாக உட்காரும்.

4 அடி அகலத்துக்கு ஒரு விலை உண்டு. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் மறுபக்கம் கை எட்டாது. பெரியவருக்கே 2½ அடிக்கு மேல் எட்டினால் சட்டைக் கை பட்டு முன்னால் இருக்கும் சிக்னல் கம்பம் சாயும். உங்கள் அறை 11-க்கு 10 என்பது இங்கே வசதி. 4 அடிப் பக்கத்தை மட்டும் சுவரை நோக்கி வையுங்கள், 8 அடி நீளம் அறையின் நடுவே நீண்டு நிற்கட்டும். இருபுறமும் 3 அடி நடைபாதை கிடைக்கும், தலைமாட்டில் இன்னொரு 3 அடி. எந்தப் பக்கம் நின்றாலும் நடுக்கோடு 2 அடிதான், பையன் கையும் எட்டும். சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளியே வையுங்கள். கறையான் சுவர் வழியாக நேரே பலகைக்கு ஏறாது, ஏறினாலும் கண்ணில் படும்.

உயரம்: எட்டு வயதுப் பிள்ளை 4 அடி 2 அங்குலம் என்றால் முழங்கை 30 அங்குல உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பலகை அதற்குச் சற்றுக் கீழேயோ சமமாகவோ இருந்தால் தடம் புரண்ட பெட்டியை எக்காமல் எடுத்து வைப்பான். சாதாரண மடக்கு மேசை 29 அங்குலம், அதன் மேல் கீழே சொல்லும் 12 மி.மீ. பட்டையும் 18 மி.மீ. பிளைவுட்டும் ஏறினால் ஏறக்குறைய 30¼. சரியாக வந்துவிடுகிறது. பெரியவர்கள் மட்டும் நின்று ஓட்டும் தளத்துக்கு 38-லிருந்து 42 அங்குலம் நல்லது. கண்மட்டத்துக்குப் பக்கத்தில் வரும்போதுதான் ரயில் ரயிலாகத் தெரியும்.

இப்போது மடக்கு மேசை. கடையில் இரண்டு வகை இருக்கும். மேல்பலகை ஒரே துண்டாக இருந்து கால் மட்டும் மடங்குவது ஒன்று, மேல்பலகையே நடுவில் சூட்கேஸ் போல் இரண்டாக மடங்குவது இன்னொன்று. முதல் வகையைக் கேளுங்கள். இரண்டாவதில் நடுக்கீல்தான் பலவீனம்: விரித்த புதிதில் சமமாக இருக்கும், நாள்பட அந்தக் கோட்டில் பள்ளம் விழும். மேல்பகுதி பிளாஸ்டிக் என்பதால் இன்னொரு குணமும் உண்டு. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பாரம் நின்றால் பிளாஸ்டிக் மெதுவாக இறங்கும், வெப்பத்தில் இன்னும் வேகமாக இறங்கும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் மேல்மாடி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்று எளிது. பிளைவுட்டை மேசையின் நடுவில் படவே விடாதீர்கள். கால் வந்து சேரும் இடத்துக்கு நேர் மேலே, மேசையின் இரு முனையிலும் அகலவாக்கில் ஒரு பட்டை வைத்து, அதன் மேல் பலகை உட்காரட்டும். பட்டைக்குப் பிளைவுட் கடையில் மிஞ்சும் 12 மி.மீ. துண்டு போதும், 2 அங்குல அகலம், 2 அடி நீளம், மேசைக்கு இரண்டு. பட்டையின் மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள். ரயில் ஓடும்போது பிளைவுட்டும் மேசையும் சேர்ந்து மேளம் போல் அதிரும் சத்தம் அதில் பாதியாவது அடங்கும்.

மேசையைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். விரித்து நிறுத்தி, ஒரு மூலையைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் ஆடினால் வேண்டாம். காலை விறைப்பாகப் பிடிக்கும் குறுக்குக் கம்பியின் ரிவெட் தளர்ந்திருக்கிறதா, பூட்டு வளையம் தானாக விழுந்து கவ்வுகிறதா என்று பாருங்கள். அந்த வளையம் விழாமல் பாதியில் நின்றால் காலை யாராவது இடறும்போது மேசையே மடங்கிவிடும்.

பிளைவுட் ஷீட் 2440-க்கு 1220 மி.மீ. 18 மி.மீ. தடிமனில் முழு ஷீட் 33 முதல் 36 கிலோ வரை இருக்கும். அதை மாடிப்படியில் திருப்பத்தில் தூக்கித் திருப்புவதற்குள் சுவரும் பலகையும் இரண்டுமே அடிபடும். நடுவில் வெட்டினால் துண்டுக்குப் 17 கிலோ, ஒருவர் தூக்கலாம். வீட்டுக்குள் வைக்கும் தளத்துக்கு ஐ.எஸ். 303 தரம் போதும், கடைக்காரர் 710 மரைன் எடுக்கச் சொன்னாலும் இந்த வேலைக்கு அது அவசியமில்லை. தரத்தைவிட ஷீட் நேராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஓரத்தில் ஒரு கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், பிறகு கடைத் தரையில் படுக்கப் போட்டு நான்கு மூலையும் தரையைத் தொடுகின்றனவா பாருங்கள். முறுக்கு விழுந்த பலகையை எந்தக் காலும் நேராக்காது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பக்கமும், நான்கு ஓரமும் பிரைமர் அடியுங்கள். மேலே மட்டும் பெயின்ட் அடித்து அடியை விட்டுவிட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை அடிப்பக்கம் மட்டும் குடிக்கும். பலகை ஓடு போல வளையும். நிறையப் பேர் இதைக் காலின் குறை என்று நினைத்துக் காலுக்கு அடியில் அட்டை சொருகிக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு 4-க்கு 4 துண்டுக்கும் நேர் நடுவில் ஒரு மேசை வரட்டும், மேசையின் 4 அடிப் பக்கம் பலகையின் அகலவாக்கில். அப்போது மேசையின் இருபுறமும் 12 அங்குலம் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். 18 மி.மீ.க்கு அந்த நீட்டல் பிரச்சினையில்லை. பலகையை மேசையோடு திருகாதீர்கள். பலகையின் அடியில், மேசையின் நான்கு மூலையை ஒட்டி, 2-க்கு 2 அங்குலப் பிளைவுட் கட்டைகளை ஃபெவிகால் போட்டு 1¼ அங்குல ஸ்குரூவால் பிடியுங்கள். 18 கட்டை, 18 பலகை, மொத்தம் 36 மி.மீ., ஸ்குரூ 32, மேலே முனை எட்டிப்பார்க்காது. இந்தக் கட்டைகள் பலகை நகராமல் பிடித்துக்கொள்ளும், விசேஷத்துக்கு மேசை வேண்டுமென்றால் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு மேசையை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு துண்டும் சேரும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு மேசையையும் சமமாக நிறுத்தினால் பலகைகளும் சமமாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அரை மி.மீ. மேடு இருந்தாலும் சின்னச் சக்கரத்துக்கு அது படிக்கட்டு. பலகையைப் பலகையோடு பூட்ட வேண்டும். அலுமினியப் பார்ட்டிஷன் வேலைக்கு விற்கும் 25 மி.மீ. எல் ஆங்கிள், 3 மி.மீ. தடிமன், 4 அடித் துண்டு இரண்டு வாங்குங்கள். இரண்டையும் முதுகோடு முதுகு கிளாம்பில் இறுக்கி, மூன்று இடத்தில் ஒரே துளையாக 8 மி.மீ. டிரில் போடுங்கள்: நடுவில் ஒன்று, முனைகளிலிருந்து 6 அங்குலம் தள்ளி ஒவ்வொன்று. துளை போட்ட பிறகுதான் கிளாம்பை அவிழ்க்க வேண்டும், தனித்தனியாகப் போட்டால் துளைகள் நிச்சயம் ஒத்துப்போகாது. பிறகு இரண்டு பலகையையும் சமமான தரையில் கவிழ்த்துப் போட்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஆங்கிள்களை எம்8 போல்ட்டால் பூட்டிய நிலையிலேயே வைத்து, 5/8 அங்குல ஸ்குரூவால் பலகையில் பிடியுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேல்முகம் தரையில் படிந்திருக்கும்போது பூட்டியதால் மேல்முகம் சமமாகவே அமையும்.

இந்தப் பூட்டு சாய்வதையும் தடுக்கிறது. பூட்டாத ஒரு துண்டின் விளிம்பில், பலகையும் மேசையும் சேர்ந்து 30 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய அதே 30 கிலோ அழுத்தம் விழுந்தால் கவிழும். எட்டு வயதுப் பையன் எம்பி விளிம்பில் தொங்கினால் அது நடந்துவிடும். இரண்டும் பூட்டியிருந்தால் மறுதுண்டின் எடையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

பையன் வளர்ந்ததும் உயர்த்த வேண்டுமே என்றால், பி.வி.சி. குழாய் போதும். மேசைக் கால் தனித்தனிக் குழாயாகத் தரையைத் தொட்டு, அதற்குச் சற்று மேலே குறுக்குக் கம்பி போகிற மாடலாக இருக்க வேண்டும். காலின் மேல் இறுக்கமாக நுழையும் குழாயை வாங்கி, நான்கு துண்டு ஒரே அளவாக வெட்டிக் காலில் மாட்டினால் குறுக்குக் கம்பி குழாயின் விளிம்பில் உட்காரும். கம்பி தரையிலிருந்து 4 அங்குலத்தில் இருக்கிறது, 6 அங்குலம் உயர்த்த வேண்டும் என்றால் குழாய் 10 அங்குலம். தொளதொளவென்று இருந்தால் மேசை ஆடும், காலில் இன்சுலேஷன் டேப் நாலு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள். கால் முழுவதும் தரையில் படுக்கும் யு வடிவக் கம்பியாக இருந்தால் இந்த வழி நடக்காது. அதனால் வாங்கும்போதே காலைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்த நல்ல வழி, துளை ஆங்கிள் ரேக். மளிகைக் கடைகளிலும் ஆபீஸ் ரெக்கார்டு அறைகளிலும் நிற்கிறதே, அதுதான். மேசையைவிட உறுதி, அடியில் பெட்டிகளும் டிரான்ஸ்ஃபார்மரும் வைக்கத் தட்டும் கிடைக்கும். பெரியவர்கள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் இதையே முதலில் சொல்லியிருப்பேன். 36-க்கு 18 அங்குலத் தட்டில் இரண்டு ரேக், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு. 10 அடி ஆங்கிளை மூன்றாக வெட்டினால் கால் ஒன்றுக்கு 40 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். எட்டுக் கால் வேண்டும், மூன்று நீளம் எடுத்தால் ஒன்பது வரும். தட்டின் மூலைக்கு இரண்டு போல்ட் வீதம் நான்கு தட்டுக்கு 32 போல்ட்.

மேல்தட்டைக் காலின் உச்சியோடு சமமாகப் பூட்ட வேண்டும். கீழே இறக்கிப் பூட்டினால் கால் முனைகள் மேலே நீட்டிக்கொண்டு பலகையை உட்கார விடாது. ரேக்கில் உயரத்தைப் பின்னால் மாற்றலாம் என்று கடையில் சொல்வது தட்டுக்குப் பொருந்தும், உங்கள் பலகைக்குப் பொருந்தாது. முக்கோண மூலைத் தகடு கேட்டு வாங்கி மேல் மூலைகளில் மாட்டுங்கள். அது இல்லாத ரேக் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் சாய்சதுரமாக ஆடும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் போட்டுவிட்டு, ரேக்கை நிமிர்த்தி மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகே ஸ்பானரால் இறுக்குங்கள்.

ரேக் 18 அங்குலந்தான் அகலம் என்பதால் இரண்டுக்கும் நடுவே 3 அடி இடைவெளி வரும். அதைத் தாண்ட 2-க்கு 1 அங்குல இரும்புச் செவ்வகக் குழாய் இரண்டு, 8 அடி நீளத்தில், நீளவாக்கில் போடுங்கள். குழாய் 20 அடி நீளமாக விற்பார்கள், 8, 8 போக 4 அடி மிஞ்சும், அதை அளவுக்கு வெட்டி, பலகை இணையும் இடத்துக்கு நேர் அடியில், குறுக்கே இரண்டு குழாய்க்கும் நடுவில் பொருத்தலாம். 2 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும், படுக்கப் போட்டால் விறைப்பில் பெரும்பகுதி போய்விடும். மின்கம்பிகளை ஆங்கிள் துளை வழியாக அப்படியே நுழைக்காதீர்கள். துளையின் விளிம்பு கத்தி போல இருக்கும், அதிர்விலேயே இன்சுலேஷனை அறுத்து ஷார்ட் ஆக்கும். கம்பியைப் பலகையின் அடியில் கிளிப் அடித்துக் கொண்டுபோங்கள்.

இடம் இவ்வளவு இல்லாதவர்கள், எச்.ஓ.வைவிடச் சிறிய என். ஸ்கேல் ஓட்டுகிறவர்கள், ஃப்ளஷ் டோரைப் பாருங்கள். 7-க்கு 3 அடி, 30 மி.மீ. தடிமனில் ரெடிமேடாகக் கிடைக்கும் கதவு, கடையில் வாங்கக்கூடிய பலகைகளிலேயே மிகச் சமமானது. தண்டவாள அகலம் 9 மி.மீ. மட்டுமே உள்ள என். ஸ்கேலில் 282, 315 மி.மீ. ஆரத்தில் இரட்டைப் பாதை 3 அடிக்குள் நன்றாக அமையும். கதவுக்கு இரண்டு தாங்கல் போதும். ஏ வடிவில் கால் விரித்து நிற்கும் இரும்பு ஸ்டாண்டோ, பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் மிதி தையல் மிஷின் ஸ்டாண்டு இரண்டோ சரியாக இருக்கும். முனையில் வைக்கக் கூடாது. 84 அங்குலக் கதவுக்கு இரு முனையிலிருந்தும் 18½ அங்குலம் உள்ளே வைத்தால் நடுத்தொய்வும் முனைத்தொய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டும். எந்தப் பலகைக்கும் இதே கணக்கு: நீளத்தில் சுமார் 22 சதவீதம் உள்ளே. பி.வி.சி. கதவு வேண்டாம், அது வெயிலில் வளையும்.

பந்தல், பாத்திர வாடகைக் கடைகளில் இருக்கும் பந்தி மேசையும் கெட்டியானதுதான். ஆனால் ஒன்றரை அடி அளவே அகலம், எச்.ஓ. வட்டம் அதில் திரும்பாது. சுவரோரமாக முனைக்கு முனை ஓடும் பாதைக்கு அது பொருத்தம். 2010 கடைசி வரை மீட்டர் கேஜாக ஓடி, 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை அகலப் பாதையாகத் திறந்த மதுரை–போடி தடத்தை உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் செய்ய ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல மேசை அமையாது.

தவிர்க்க வேண்டியவை: மூன்று கம்பியாக வளைத்த ஹேர்பின் கால், பக்கவாட்டில் ஆடும். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த கம்ப்யூட்டர் டேபிள், ஈரத்தில் ஊதும். பிளாஸ்டிக் ஸ்டூல்களை அடுக்கிப் பலகை போடுவது, ஒன்றை ஒருவர் இழுத்து உட்கார்ந்தால் முடிந்தது.

எதை வாங்கினாலும் மட்டம் பார்க்கும் வேலை ஒன்றுதான். அறைக்குள் டைல்ஸ் தரை ஓரளவு சமமாக இருக்கும். கிரில் அடைத்த பால்கனியில் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். அடிக்கு அடி பார்த்தால் தெரியாது, 8 அடியில் ஓர் அங்குலம் வரை இறங்கும். அது 1 சதவீதச் சரிவு, நல்ல சக்கரம் உள்ள பெட்டி லூப் லைனில் நிற்காமல் தானே உருளத் தொடங்கும். பலகையை ஏற்றிய பிறகு ரசமட்டத்தை நீளத்தில், அகலத்தில், மூலைவிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த காலுக்கு அடியில் அட்டை மடித்து வைக்காதீர்கள், வீடு துடைக்கும் தண்ணீரில் அது ஒரு வாரத்தில் நசுங்கிவிடும். ரப்பர் புஷ் மாட்டி, அதற்கடியில் பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் துண்டு கொடுங்கள். ஆங்கிள் ரேக்கின் காலுக்குப் பிளாஸ்டிக் ஷூ கட்டாயம், இல்லாவிட்டால் துருக்கறை டைல்ஸில் இறங்கி, காலி செய்யும்போது வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

பலகை இணைப்பில் தண்டவாளத்தையும் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய நான்கு முனைகளையும் பலகை ஓரத்தில் பதித்த பித்தளை ஸ்குரூவின் தலையில் சால்டர் செய்துவிடுங்கள், நகராது. 8 அடித் தண்டவாளம் 20 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 0.8 மி.மீ. நீளும், ஆகவே நேர்ப்பாதையில் இன்னும் இரண்டு மூட்டிலாவது மெல்லிய இடைவெளி விடுங்கள். வீடு மாறும்போது கம்பி இணைப்பானைப் பிடுங்கி, மூன்று எம்8 போல்ட்டைக் கழற்றி, இரண்டு துண்டையும் மேல்முகம் மேலாகவே தூக்கிச் செல்லுங்கள். மேசையைக் கடைசியாக மடக்குங்கள்.